கையறுநிலையிலிருந்து கடன் நோக்கி: இரு அமெரிக்கச் சிறார் புதினங்களில் நட்பும் இழப்பும்

ஆய்வுச் சுருக்கம்

நண்பரின் இறப்பை மையமாகக் கொண்ட சிறார் புதினங்களுள் இ. பி. வைட் எழுதிய ‘சார்லட்டின் வலை’ (1952), கேத்தரின் பேட்டர்சன் எழுதிய ‘டெராபிதியாவுக்கு ஒரு பாலம்’ (1977) ஆகிய இரண்டும் குறிப்பிடத்தக்கவை. இப்புதினங்களில் எஞ்சி நிற்கும் நண்பரின் துயரம் எவ்வாறு வடிவம் பெறுகிறது என்பதைக் கையறுநிலை என்னும் புறத்துறையின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. துயரம் படிப்படியாகத் தணிந்து ஏற்பில் முடிவதாகக் கொள்ளும் உளவியல் நோக்கு இப்படைப்புகளுக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. மறைந்த நண்பர் விட்டுச் சென்ற ஒன்றைத் தன் கடனாக ஏற்பதன் வழியே எஞ்சியவர் செயலற்ற நிலையைக் கடக்கிறார் என்பது இக்கட்டுரையின் முடிபாகும். பாரியை இழந்த கபிலர் பாரி மகளிரைக் காக்கும் பொறுப்பை ஏற்ற செய்தி இதற்கு ஒப்புமையாக அமைகிறது. ஒப்புமை எங்கே முடிகிறது என்பதும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சிறார் புதினம், நட்பு, இழப்பு, கையறுநிலை, கடன், கபிலர், சார்லட்டின் வலை, டெராபிதியா

1. முன்னுரை

குழந்தைகளுக்கான கதைகளில் இறப்பு இடம்பெறலாமா என்னும் வினா பெற்றோர், ஆசிரியர், நூலகர் ஆகியோரிடையே தொடர்ந்து எழுந்து வருகிறது. இறப்பை அறியாதிருப்பதே குழந்தைமையின் இயல்பு என்னும் எண்ணம் இவ்வினாவின் அடியில் உள்ளது. இவ்வெண்ணம் ஆய்வுகளால் உறுதிப்படவில்லை. மரியா நாகி புடாபெஸ்டில் 3 முதல் 10 வயது வரையிலான 378 குழந்தைகளிடம் நிகழ்த்தி 1948இல் வெளியிட்ட ஆய்வு, மிகச் சிறிய குழந்தைகளும் இறப்பைப் பற்றித் தமக்கெனச் சில கருத்துகளைக் கொண்டுள்ளனர் என்பதைக் காட்டியது. ஐந்து வயதுக்கு உட்பட்டோர் இறப்பை ஒரு பிரிவாகவோ உறக்கமாகவோ கருதினர். அடுத்த பருவத்தினர் அதனை ஓர் உருவமாகக் கண்டனர். ஏறத்தாழ ஒன்பது வயதில், அது மீளமுடியாதது, எல்லோர்க்கும் உரியது என்னும் அறிவு தோன்றியது. குழந்தைகள் இறப்பைப் பற்றி எண்ணுகிறார்கள் என்பது இதனால் தெளிவாகிறது. ஆகவே, அவ்வெண்ணத்திற்கு இலக்கியம் எத்தகைய சொல்லைத் தருகிறது என்பதே ஆராயத்தக்க வினாவாகும்.

சிறார் புதினங்களில் தாத்தா பாட்டியின் இறப்பும் வளர்ப்பு விலங்கின் இறப்பும் மிகுதியாக இடம்பெறுகின்றன. நண்பரின் இறப்பு இவற்றினின்றும் வேறுபட்டது. முதியோர் இறப்பை வயது விளக்கிவிடுகிறது. நண்பரின் இறப்புக்கு அத்தகைய விளக்கம் இல்லை. குடும்பத்தில் ஒருவர் இறந்தால் துயருறுவோர் இன்னார் என்பதைச் சமூகம் அறியும். அவர்களுக்கெனச் சடங்குகள் உண்டு. தோழியை இழந்த பத்து வயதுச் சிறுவனுக்குச் சடங்கில் இடமில்லை. அவன் துயரத்திற்கு உரிமையாளன் என்பதைக்கூடப் பிறர் உணராமல் போகலாம். உறவுமுறைக்குள் அடங்காத இவ்விழப்பை இரு படைப்பாளர்கள் கையாண்ட முறையை இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது.

2. கருத்தடிப்படை: கையறுநிலையும் கடனும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. இழவு அவற்றுள் ஒன்று. புறத்திணையியல் காஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாகக் கையறுநிலையைச் சுட்டுகிறது. அதன் வரையறை இறந்தோரின் பெருமையைவிட, ஒழிந்தோரின் புலம்பலையே முதன்மைப்படுத்துகிறது. அதாவது, எஞ்சி நிற்பவரே இத்துறையின் நாயகர். கையறவு என்பது செயலற்றுப் போதல். திருக்குறளின் நட்பு அதிகாரம், ஆடை நெகிழ்ந்தபோது தானே விரைந்து சென்று உதவும் கையை நட்புக்கு உவமையாக்குகிறது (788). நட்பு கையாக உருவகம் பெறும் மொழியில், இழப்பு கையறவாகப் பெயர் பெறுவது நோக்கத்தக்கது.

புறநானூற்றில் கையறுநிலைத் துறையில் அமைந்த பாடல்கள் பல. அவற்றுள் பாரியை இழந்த கபிலரின் பாடல்கள் நட்பின் இழப்பைப் பேசுவனவற்றுள் தலையாயவை. கபிலர் புலம்புவதோடு நின்றுவிடவில்லை. தந்தையை இழந்த பாரி மகளிரை அழைத்துக்கொண்டு பறம்பை நீங்கினார், விச்சிக்கோன், இருங்கோவேள் ஆகியோரிடம் சென்று அம்மகளிரை மணந்துகொள்ளுமாறு வேண்டினார் (புறம். 200–202). நண்பன் விட்டுச் சென்ற மக்களைத் தம் மக்களாகவே கொண்டு, அவர்களுக்காக மறுப்புகளையும் ஏற்றார். செயலற்ற நிலையைப் பாடியவர் செயலில் இறங்கினார் என்பது இங்குக் கருதத்தக்கது.

இச்செயலைக் குறிக்கத் தமிழில் ‘கடன்’ என்னும் சொல் பொருத்தமாக அமைகிறது. கடமை, பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டியது, இறந்தோர்க்குச் செய்யும் சடங்கு ஆகிய மூன்று பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. இம்மூன்று பொருளும் ஒன்றுசேரும் புள்ளியிலேயே எடுத்துக்கொண்ட இரு புதினங்களும் முடிவடைகின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

3. படைப்புப் பின்னணி

இ. பி. வைட் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பண்ணை ஒன்றை வைத்து விலங்குகள் வளர்த்தவர். இறைச்சிக்காக வளர்த்த பன்றியொன்று நோயுற்றபோது, அதனைக் காப்பாற்ற முயன்று தோற்ற அனுபவத்தை 1948இல் ‘அட்லாண்டிக்’ இதழில் கட்டுரையாக எழுதினார். கொல்வதற்கென வளர்த்த உயிரைக் காப்பாற்றத் துடித்ததில் உள்ள முரண்பாடு அக்கட்டுரையின் உயிர்நிலை. நான்காண்டுகளுக்குப் பின் வெளிவந்த ‘சார்லட்டின் வலை’யில் பன்றி பிழைக்கிறது. ஆயினும் கதையிலிருந்து இறப்பு விலகிவிடவில்லை. காப்பாற்றிய சிலந்தியிடம் அது இடம்பெயர்கிறது. கார்த் வில்லியம்ஸின் ஓவியங்களுடன் வெளிவந்த இந்நூல் 1953இல் நியூபெரி சிறப்புத் தகுதியைப் பெற்றது.

கேத்தரின் பேட்டர்சனின் புதினம் நேரடி இழப்பிலிருந்து பிறந்தது. அவருடைய மகனின் நெருங்கிய தோழி 1974இல் மின்னல் தாக்கி இறந்தாள். மகனின் துயரத்தையும் தம் துயரத்தையும் புரிந்துகொள்ளும் முயற்சியாக அவர் எழுதிய புதினம் 1978ஆம் ஆண்டின் நியூபெரி பதக்கத்தைப் பெற்றது. அதே நூல் பள்ளிகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் நீக்கப்படவேண்டும் என்னும் எதிர்ப்பையும் பெற்றது. 1990களில் அமெரிக்காவில் மிகுதியாக எதிர்ப்புக்குள்ளான நூல்களின் பட்டியலில் இது முன்வரிசையில் இடம்பெற்றது. சிறுமியின் இறப்பு, வசைச்சொற்கள், சமயம் பற்றிய உரையாடல்கள் ஆகியன எதிர்ப்புக்குக் காரணங்களாயின. ஒரே நூல் உயர்ந்த பரிசையும் கடும் எதிர்ப்பையும் பெற்றிருப்பது, குழந்தைகளிடம் இறப்பைப் பேசுவது குறித்த பெரியவர்களின் தயக்கத்தைக் காட்டுகிறது.

4. நட்பு உருவாகும் தளம்

இரு புதினங்களிலும் நட்பு ஒத்தவர்களுக்கிடையே தோன்றவில்லை. வில்பர் என்னும் பன்றிக்குட்டி ஓர் ஈற்றில் மிகச் சிறியதாகப் பிறந்து, கோடரிக்கு இரையாகவிருந்து, எட்டு வயதுச் சிறுமி ஃபெர்ன் தந்தையைத் தடுத்ததால் பிழைத்தது. சக்கர்மனின் தொழுவத்திற்கு விற்கப்பட்டபின், மழை பெய்யும் ஒரு நாளில், விளையாட்டுத் துணை வேண்டி அது ஒவ்வொரு விலங்காகக் கேட்கிறது. வாத்து முட்டைகளின்மேல் அமர்ந்திருக்கிறது. ஆட்டுக்குட்டி இழிவாகப் பேசி ஒதுக்குகிறது. எலிக்கு விளையாட்டில் நாட்டமில்லை. அன்றிரவு இருளிலிருந்து கேட்கும் குரல் சார்லட் என்னும் சிலந்தியுடையது. மறுநாள் அச்சிலந்தி ஈயைப் பிடித்து உண்பதைக் கண்டு வில்பர் திகைக்கிறது. கொலைத்தொழிலுடைய ஓர் உயிரிடம் அன்பு கொள்ள முடியுமா என்னும் ஐயத்திலிருந்தே நட்பு தொடங்குகிறது. சார்லட் தன் இயல்பை மறைக்கவுமில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்கவுமில்லை.

‘டெராபிதியா’வில் வேறுபாடு வர்க்கம் சார்ந்தது. ஜெஸ் ஆரன்ஸ் வர்ஜீனியாவின் நாட்டுப்புறத்தில் நான்கு சகோதரிகளுக்கு இடையே பிறந்த ஒரே மகன். ஓவியம் வரைவதைத் தந்தை விரும்பமாட்டார் என்பதால் அதை மறைத்து வைத்திருப்பவன். ஐந்தாம் வகுப்பில் மிக விரைந்து ஓடுபவனாக வேண்டும் என்பதற்காகக் கோடை முழுவதும் ஓடிப் பழகியவன். நகர்ப்புறத்திலிருந்து குடிவந்த எழுத்தாளர் இணையரின் மகள் லெஸ்லி பர்க் அந்த ஓட்டத்தில் அவனை வெல்கிறாள். தோல்வியில் தொடங்கிய அறிமுகம் நட்பாகிறது. ஓடையின் மறுகரையில் கயிற்றில் ஊசலாடிச் சென்று அடையும் காட்டை அவள் ஒரு நாடாக்கி, அதற்கு டெராபிதியா எனப் பெயரிடுகிறாள். அரசனும் அரசியுமாக இருவரும் அதனை ஆள்கின்றனர்.

இரு நட்புகளிலும் கொடை ஒரு பக்கத்திலிருந்தே மிகுதியாக வருகிறது. சார்லட் தன் வலையில் நான்கு முறை புகழ்ச்சொற்களை நெய்து வில்பரைக் கொலையிலிருந்து காக்கிறது. லெஸ்லி தன் கற்பனையாலும் நூல்களாலும் ஜெஸ்ஸின் உலகை விரிக்கிறாள். அவனுக்கு வண்ணங்களையும் தூரிகைகளையும் பரிசளிக்கிறாள். பெற்றவர் அதனைத் திருப்பித் தருமுன் தந்தவர் மறைந்துவிடுகிறார். பின்னர் வரும் துயரத்தில் கடன் என்னும் உணர்வு கலந்திருப்பதற்கு இந்தச் சமனின்மையே அடிப்படை.

5. விடைபெறலும் விடைபெறாமையும்

இறப்பு நிகழும் முறையில் ஓர் ஒற்றுமையும் ஒரு வேற்றுமையும் உள்ளன. இரண்டிலும் எஞ்சிய நண்பர் இறப்பின்போது உடனில்லை. சந்தைத் திடலில் முட்டைப்பையை நெய்து முடித்தபின், தொழுவத்திற்குத் திரும்பும் வலிமை தனக்கில்லை என்பதைச் சார்லட் வில்பரிடம் கூறிவிடுகிறது. வில்பர் கதறுகிறது, பின்பு முட்டைப்பையைக் கொண்டுசெல்லும் வழியை எண்ணுகிறது. வண்டியில் ஏற்றப்படும்போது இருவரும் விடைபெறுகின்றனர். அடுத்த நாள், ஆளற்ற திடலில், சிலந்தி தனித்து இறக்கிறது. அவ்விறப்பை வைட் அணிகளின்றிச் சில தொடர்களில் கூறி முடிக்கிறார். கதைமாந்தருள் எவரும் காணாத அவ்விறப்பை வாசிக்கும் குழந்தை மட்டுமே காண்கிறது. விலங்குகளும் மனிதர்களும் விட்டுச் சென்ற இடத்தில் வாசகரே துணையாக நிற்கிறார்.

ஜெஸ்ஸுக்கு விடைபெறும் வாய்ப்பே கிட்டவில்லை. தொடர்மழையால் ஓடை பெருகியிருக்கிறது. கயிற்றில் தாண்டிச் செல்ல அவன் அஞ்சுகிறான். அச்சத்தை லெஸ்லியிடம் கூறத் தயங்குகிறான். அந்நாளில் இசை ஆசிரியை எட்மண்ட்ஸ் அவனை வாஷிங்டனிலுள்ள கலைக்கூடத்திற்கு அழைத்துச் செல்கிறார். லெஸ்லியையும் அழைக்கலாமா என அவன் கேட்கவில்லை. வாழ்வின் மிகச் சிறந்த நாளை முடித்துக்கொண்டு அவன் வீடு திரும்பும்போது, கயிறு அறுந்து லெஸ்லி இறந்த செய்தி காத்திருக்கிறது. பேட்டர்சன் அந்த இறப்பைக் காட்சிப்படுத்தவில்லை. ஜெஸ் எதைக் காணவில்லையோ அதை வாசகரும் காண்பதில்லை. உடல் எரியூட்டப்பட்டதால் அவளது முகத்தை இறுதியாகப் பார்க்கும் வாய்ப்பும் அவனுக்கு இல்லை.

வைட் முன்னறிந்த இழப்பையும் பேட்டர்சன் எதிர்பாரா இழப்பையும் எழுதியுள்ளனர். முன்னறிந்த இழப்பில் பொறுப்பு நேரடியாகக் கைமாறுகிறது; வில்பர் செய்யவேண்டியது என்ன என்பதில் ஐயமில்லை. எதிர்பாரா இழப்பில் கைமாற்றம் நிகழவில்லை. தன்னிடம் விடப்பட்டது எது என்பதையே ஜெஸ் தேடிக் கண்டடைய வேண்டியுள்ளது. அத்தேடலுக்கு முன் குற்றவுணர்வு தடையாக நிற்கிறது. தான் அழைத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்னும் எண்ணத்தைப் பேட்டர்சன் வாதிட்டு மறுக்கவில்லை. அவன் அதைச் சுமப்பதைக் காட்டி, பிற செயல்களின் ஊடே அதன் பாரம் குறைய இடந்தருகிறார்.

6. கடனேற்பு: முட்டைப்பையும் பாலமும்

வில்பரின் கடனேற்பு பொருள்வடிவானது. உயரத்தில் உள்ள முட்டைப்பையை இறக்கித் தருமாறு டெம்பிள்டன் என்னும் எலியை அது வேண்டுகிறது. எலி கைம்மாறு இன்றி எதையும் செய்யாதது. ஆகவே, தன் தொட்டியில் உணவு இடப்படும்போதெல்லாம் எலியே முதலில் உண்ணலாம் என வில்பர் உறுதியளிக்கிறது. உணவைப் பெருமகிழ்வாகக் கொண்டிருந்த பன்றிக்குட்டி முதன்முறையாக விலைகொடுத்து ஒன்றைப் பெறுவது இவ்விடத்தில்தான். 514 முட்டைகள் கொண்ட அப்பையைத் தன் வாயில் வைத்து வீடு சேர்க்கிறது. குளிர்கால இரவுகளில் தன் மூச்சால் அதனை வெப்பமூட்டுகிறது. அதுவரை காக்கப்பட்டு வந்த உயிர் காக்கும் உயிராக மாறுகிறது. வில்பரின் முதிர்ச்சி அதன் பேச்சில் அன்றி, இச்செயல்களிலேயே வெளிப்படுகிறது.

நண்பனின் மக்களை அழைத்துச் சென்ற கபிலரும், நண்பரின் முட்டைப்பையைச் சுமந்த வில்பரும் வேறுபட்ட மரபுகளில் தோன்றியவர்கள். ஒன்றன் செல்வாக்கு மற்றொன்றில் இல்லை. எனினும் இருவரும் செய்தது ஒன்றே. இறந்தவர்க்கு நேரடியாக எதையும் திருப்பித் தர இயலாத நிலையில், அவர் விட்டுச் சென்ற இளையோர்க்கு அதனைத் தருகின்றனர். பறம்பை விட்டு நீங்கும்போது மலையைத் திரும்பிப் பார்த்தவாறு செல்லும் கபிலரின் துயரமும், காக்கும் பொறுப்பும் ஒன்றையொன்று விலக்கவில்லை என்பதும் எண்ணத்தக்கது.

ஜெஸ்ஸின் கடனேற்பு இடர்ப்பாடானது. துயரத்தின் தொடக்கத்தில் அவன் தங்கை மே பெல்லை அடிக்கிறான். லெஸ்லி பரிசளித்த வண்ணங்களை ஓடையில் வீசுகிறான். பெற்ற கடனையே மறுக்கும் செயல் இது. பின்னர், தனியே காட்டுக்குச் சென்று ஊசியிலை மரக்கிளையை வளைத்து மலர்வளையம் செய்து வைக்கிறான். சடங்கில் இடம்பெறாத சிறுவன் தனக்கெனச் சடங்கொன்றை அமைத்துக்கொள்கிறான். அவ்வேளையில், அவனைப் பின்தொடர்ந்து வந்த மே பெல் ஓடையின் குறுக்கே கிடந்த மரக்கிளையின் நடுவில் அஞ்சி நின்றுவிடுகிறாள். அவன் சென்று அவளைக் கரைசேர்க்கிறான். லெஸ்லியின் இறப்பின்போது உடனில்லாதவன், அதே ஓடையில் இன்னொரு சிறுமியின் அருகில் இருக்கிறான். குற்றவுணர்விலிருந்து அவனை மீட்பது இச்செயலே.

இறுதியில், லெஸ்லியின் பெற்றோர் ஊரைவிட்டுச் செல்லும்போது அளித்த மரப்பலகைகளைக் கொண்டு அவன் பாலம் அமைக்கிறான். லெஸ்லி தனக்குக் கடனாகத் தந்த பார்வையையும் வலிமையையும் உலகிற்குத் திருப்பித் தருவது இனித் தன் பொறுப்பு என எண்ணுகிறான். கடன் என்னும் கருத்து இப்புதினத்தில் வெளிப்படையாகவே இடம்பெறுவதை இங்குக் காணமுடிகிறது. தங்கையின் தலையில் மலர் சூட்டி, அவளைப் புதிய அரசியாக அழைத்துச் செல்கிறான். கயிறு துணிவுடையோர்க்கு மட்டுமே வழிவிட்டது. பாலம் அஞ்சுவோர்க்கும் வழிவிடுகிறது. லெஸ்லியைப் போல் ஆவதன் மூலம் அன்றி, அச்சத்தை அறிந்தவனான தன் இயல்பைக் கொண்டே அவன் லெஸ்லியின் நாட்டை நிலைபெறச் செய்கிறான்.

7. நிலைக்கோட்பாட்டின் போதாமை

எலிசபெத் கியூப்ளர் ராஸ் 1969இல் முன்வைத்த மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என்னும் ஐந்து நிலைகளைக் கொண்டு இழப்பைப் பேசும் சிறார் படைப்புகளை விளக்குவது எளிதான வழியாகும். ஜெஸ்ஸின் நடத்தையில் மறுப்பும் சினமும் தெளிவாகவே உள்ளன. ஆயினும், இக்கோட்பாடு இறப்பை எதிர்நோக்கியிருந்த நோயாளர்களின் உரையாடல்களிலிருந்து உருவானது என்பதை மறத்தலாகாது. தன் இறப்பை ஏற்பதும் பிறர் இறப்பைத் தாங்குவதும் ஒன்றல்ல.

மேலும், புதினத்தில் உணர்வுகள் வரிசைப்படி அமையவில்லை. செய்தி அறிந்த மறுநாள் காலையில் ஜெஸ் நிறைய உண்கிறான். சகோதரி அதனைக் குத்திக்காட்டுகிறாள். தன் வயதினருள் உற்ற தோழியை இழந்தவன் தான் ஒருவனே என்பதால் பள்ளியில் தனக்கு மதிப்புக் கூடும் என்றும் அவன் எண்ணுகிறான். தன்னைப் பழைய நிலையிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டு, லெஸ்லி தன்னைக் கைவிட்டுப் போய்விட்டாள் எனச் சினக்கிறான். நாணத்தக்க எண்ணங்களும் உண்மையான துயரமும் ஒரே மனத்தில் அடுத்தடுத்து வருகின்றன. துயரத்தின்போது தவறான உணர்வு தனக்குள் தோன்றியதாக அஞ்சும் குழந்தை வாசகர்க்கு இப்பகுதி ஆறுதல் அளிக்கும். எதிர்ப்பாளர்கள் நீக்க விரும்பிய நூலின் மிகச் சிறந்த பயன் இதுவே எனலாம்.

இறந்தவரிடமிருந்து பற்றை மீட்டுக்கொள்ளுதலே துக்கத்தின் பணி என்னும் கருத்து ஃப்ராய்டின் 1917ஆம் ஆண்டுக் கட்டுரை வழியே வலுப்பெற்றது. இதற்கு மாறாக, டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகியோர் 1996இல் தொகுத்த நூல், இறந்தவருடனான பிணைப்பு வேறு வடிவில் தொடர்வது இயல்பானதே என வாதிட்டது. இரு புதினங்களும் இக்கருத்து உருவாகும் முன்பே அதனைக் கதையாக்கியுள்ளன. வில்பரின் தொழுவத்தில் ஆண்டுதோறும் சில சிலந்திகள் தங்குகின்றன. அவற்றை அது நேசிக்கிறது. ஆனால் சார்லட்டின் இடம் அப்படியே இருக்கிறது. மே பெல் லெஸ்லிக்கு மாற்று அல்லள். கடனேற்பு என்பது மாற்றீடு அன்று என்பதில் இருவரும் கவனமாக உள்ளனர்.

8. பெரியவர்களின் இடம்

குழந்தையின் துயரத்தில் பெரியவர்கள் செய்யத்தக்கது யாது என்பதற்கும் பேட்டர்சன் விடை தருகிறார். மகனிடம் அதுவரை கடுமையாகவே இருந்த தந்தை, செய்தி கேட்டு ஓடிய சிறுவனைச் சரக்குந்தில் பின்தொடர்ந்து சென்று, தூக்கி வீடு சேர்க்கிறார். ஓடைக்கரையில் அவனைத் தம் மடியில் இருத்திக்கொள்கிறார். லெஸ்லி நரகத்திற்குச் செல்வாளோ என்னும் மகனின் அச்சத்தைத் தெளிவாக மறுக்கிறார். அவர் பேசுவது மிகக் குறைவு. விளக்கம் எதுவும் தரவில்லை. உடனிருத்தலே அவர் தரும் ஆறுதல்.

வகுப்பாசிரியை மையர்ஸ் மாணவர்களின் ஏளனத்திற்கு உரியவர். ஜெஸ்ஸும் லெஸ்லியும்கூட அவரைக் கேலி செய்தவர்களே. அவர் ஜெஸ்ஸைத் தனியே அழைத்து, தம் கணவர் இறந்தபோது அழவேண்டாம் என்றும் மறந்துவிடுமாறும் பிறர் கூறியதையும், தாம் மறக்க விரும்பாததையும் சொல்கிறார். மறத்தலே ஆறுதல் என்னும் பொது எண்ணத்தை மறுக்கும் இப்பேச்சு, எதிர்பாராத ஒருவரிடமிருந்து வருகிறது. துயரம் ஜெஸ்ஸுக்கு மற்றொருவரின் துயரத்தைக் காணும் கண்ணைத் தருகிறது.

வைட்டின் புதினத்தில் ஃபெர்னின் இடம் கருதத்தக்கது. தொடக்கத்தில் வில்பரைக் காத்த அவள், சந்தை நாளில் தன் வயதுத் தோழன் ஒருவனுடன் இராட்டினத்தில் ஏறுவதையே பெரிதாகக் கருதுகிறாள். தொழுவத்திற்கு வருவதும் குறைந்துவிடுகிறது. இறப்பைத் தவிர, வளர்தலும் நட்பை விலக்கும் ஓர் இழப்பு என்பதை வைட் குறைகூறாமல் காட்டுகிறார்.

9. ஒப்புமையின் எல்லை

கையறுநிலைப் பாடல்களையும் இப்புதினங்களையும் முழுமையாக ஒன்றாக்குதல் பொருந்தாது. புறநானூற்றுக் கொளுக்களின்படி, கபிலர் பாரி மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்தபின் வடக்கிருந்து உயிர்துறக்கத் துணிகிறார் (புறம். 236). பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனுடன் வடக்கிருக்கிறார். மகன் பிறந்தபின் வருமாறு சோழனால் திருப்பி அனுப்பப்பட்ட பொத்தியார், அதன்பின் மீண்டும் வந்து இடம் கேட்கிறார் (புறம். 222). இங்கெல்லாம் கடன், இறப்பைத் தள்ளிவைக்கும் இடைக்காலப் பணியாக உள்ளது. கடன் முடிந்ததும் நண்பருடன் சேர்தலே நட்பின் நிறைவாகக் கருதப்படுகிறது.

சிறார் புதினத்தில் அத்தகைய முடிவுக்கு இடமில்லை. வில்பரின் கடனும் ஜெஸ்ஸின் கடனும் முடிந்துவிடும் தன்மையன அல்ல. ஒவ்வொரு வசந்தத்திலும் புதிய சிலந்திகள் பிறக்கின்றன. பாலத்தைக் கடந்து இன்னும் சிலர் வரக்கூடும். சங்கச் சான்றோர் நண்பருக்காக வாழ்வைத் துறந்து நட்பை மெய்ப்பித்தனர். இப்புதினங்களின் நாயகர்கள் வாழ்வைத் தொடர்ந்து நட்பை மெய்ப்பிக்கின்றனர். இளம் வாசகரை மனத்திற்கொண்ட இலக்கியவகை என்பதால் விளைந்த வேறுபாடு இது.

குழந்தையின் தோளில் பொறுப்பை ஏற்றுவது துயரத்தைக் கூடுதல் சுமையாக்காதா என வினவலாம். இரு படைப்பாளர்களும் இதற்கு இடம்தரவில்லை. பொறுப்பைப் பெரியவர்கள் சுமத்தவில்லை, கதைமாந்தரே தேர்கின்றனர். அப்பொறுப்பு சிறியதாகவும், கைகளால் செய்து முடிக்கத்தக்கதாகவும் உள்ளது. ஒரு பையைச் சுமத்தல், சில பலகைகளை ஓடைக்குக் குறுக்கே இடுதல் ஆகியவை குழந்தைக்கு இயலாதன அல்ல. அழுதபின்னரே அவை நிகழ்கின்றன என்பதும் இன்றியமையாதது.

10. தொகுப்புரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. நண்பரின் இறப்பைப் பேசும் இவ்விரு புதினங்களும் இறந்தோரைக் காட்டிலும் எஞ்சியோரையே மையப்படுத்துகின்றன. இவ்வகையில் இவை கையறுநிலைத் துறையின் நோக்கோடு ஒத்துச் செல்கின்றன.

2. நட்பில் ஒருவர் மிகுதியாகத் தந்து, மற்றவர் திருப்பித் தருமுன் மறைந்துவிடுவதால், துயரம் கடனுணர்வாகவும் அமைகிறது. கடமை, திருப்பித் தரவேண்டியது, இறுதிச் சடங்கு என்னும் கடனின் மூன்று பொருளும் முட்டைப்பையிலும் பாலத்திலும் வெவ்வேறு அளவில் இணைகின்றன.

3. முன்னறிந்த இழப்பில் கடன் நேரடியாகக் கைமாறுகிறது. எதிர்பாரா இழப்பில் குற்றவுணர்வைக் கடந்து அதனைத் தேடிக் கண்டடைய வேண்டியுள்ளது. எனவே இரு புதினங்களும் குழந்தை வாசகர்க்கு வெவ்வேறு வகையில் பயன்தருவன.

4. ஐந்து நிலைக்கோட்பாடு ஜெஸ்ஸின் உணர்வுகளைப் பகுதியளவில் விளக்குமே அன்றி, அவன் பாலம் அமைப்பதை விளக்காது. தொடரும் பிணைப்பு என்னும் கருத்தும் கையறுநிலை மரபும் அதனை நன்கு விளக்குகின்றன.

5. கபிலரின் கடன் நிறைவுற்றபின் இறப்பை நோக்கிச் செல்கிறது. சிறார் புதினத்தின் கடன் முடிவின்றி வாழ்வை நோக்கிச் செல்கிறது.

குழந்தைகளுக்கான நூல்களைத் தேர்வோர், ஒரு கதையில் இறப்பு உள்ளதா என்பதைக் கொண்டு மட்டும் அதனை விலக்குதல் பொருத்தமன்று. இறப்புக்குப் பின் கதை குழந்தையை எங்கே நிறுத்துகிறது என்பதே தேர்வுக்கு உரிய அளவுகோலாதல் வேண்டும். கையற்று நிற்கும் குழந்தையின் கையில் செய்வதற்கு ஒன்றைத் தரும் கதைகள் நூலக அடுக்குகளில் இருத்தல் தகும்.